டொராண்டோவில் பாட்டு, சென்னையில் மிருதங்கம்: தொலைவிலிருந்து சேர்ந்து வாசிக்கும் முறை

ஆற்றின் மறுகரையில் ஒருவர் துணி துவைப்பதைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கலை அதிகம் விளக்க வேண்டியதில்லை. துணி கல்லில் அறைபட்டு, கை மீண்டும் மேலே எழுந்த பிறகுதான் ‘தொப்’ என்ற ஓசை நம் காதுக்கு வந்து சேரும். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஆகவே 100 மீட்டர் அகலமுள்ள ஆறு 290 மில்லிவிநாடித் தாமதத்தை உண்டாக்கிவிடுகிறது. அந்த ஓசையைக் கேட்டு நீங்கள் இக்கரையில் தாளம் போட வேண்டும், உங்கள் தட்டைக் கேட்டு அவர் அக்கரையில் துவைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து தட்டுக்குள் இருவருடைய காலமும் தளர்ந்து விழுந்துவிடும். டொராண்டோவில் பாடுகிறவரும் சென்னையில் மிருதங்கம் வாசிக்கிறவரும் வீடியோ அழைப்பில் சேர்ந்து வாசிக்க முயலும்போது நடப்பது இதுவேதான்.

நான் மிருதங்கம் வாசிக்கிறவன். வெளிநாடுகளில் உள்ள பாடகர்களோடும் வயலின் வாசிப்பவர்களோடும் சில ஆண்டுகளாக இப்படிச் சேர்ந்து பதிவு செய்து வருகிறேன். பாட்டு, வயலின், மிருதங்கம் என்ற மூவர் கச்சேரியை மனத்தில் வைத்தே இங்கே எழுதுகிறேன். மெல்லிசைக் குழுவினருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். தொடங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது எந்த மைக் வாங்குவது, எந்த இணைய இணைப்பு வேண்டும் என்பதைத்தான். என் அனுபவத்தில் அதற்கு முன்பே முடிவாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் வேகத்தை, யார் பிடித்திருக்கப் போகிறார்? மேடையில் இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பாடகர் தொடையில் தட்டுகிறார், மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். தொலைவில் இருக்கும்போது இதை முன்கூட்டியே பேசி முடித்தாக வேண்டும்.

தாமதத்தின் அளவைச் சற்றுத் தெரிந்துகொண்டால் எந்த வழி நமக்கு ஏற்றது என்று முடிவு செய்வது எளிது. மேடையில் பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் இடையே ஒன்றரை மீட்டர் தூரம் இருந்தால் ஒலி போய்ச்சேர 4 மில்லிவிநாடிதான் ஆகும். அது யாருக்கும் உறைப்பதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும், இருவரைத் தனித்தனி அறைகளில் அமர்த்தி, ஒருவர் கைத்தட்டல் மற்றவருக்குத் தாமதித்துக் கேட்கும்படி செய்து சோதித்தார்கள். தாமதம் ஏறத்தாழ 25 மில்லிவிநாடியைத் தாண்டும்போது தட்டுகிறவர்களின் வேகம் தானாகவே குறையத் தொடங்குகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது, அதாவது 1,000 கிலோமீட்டருக்கு 5 மில்லிவிநாடி. சென்னைக்கும் கோவைக்கும் இடையே கேபிளின் நீளம் 500 கிலோமீட்டர் என்று கொண்டால் 2.5 மில்லிவிநாடிதான். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். எனவே 14.5 மில்லிவிநாடிக்குக் குறையாது. டொராண்டோ 13,000 கிலோமீட்டருக்கும் மேல். இயற்கை விதிப்படியே 65 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்க வழியில்லை. கேபிள் நேர்கோட்டில் போவதுமில்லை, நடுவில் உள்ள கருவிகளும் நம் கணினியும் தம் பங்குக்கு நேரம் எடுத்துக்கொள்ளாமல் விடுவதுமில்லை. எவ்வளவு விலையுயர்ந்த இணைப்பை வாங்கினாலும் சென்னையும் டொராண்டோவும் ஒரே நேரத்தில் இருபுறமும் கேட்டுக்கொண்டு ஒரு கிருதியை வாசிக்க முடியாது என்பதை முதல் நாளே ஏற்றுக்கொண்டால், பல வார அலைச்சல் மிச்சமாகும்.

ஆகவே நெடுந்தொலைவுக்கு ஏற்றது, ஒருவர் பதிந்து அனுப்ப அதன் மேல் அடுத்தவர் பதியும் அடுக்குப் பதிவு. இதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். நேரலையில் சேர்ந்து வாசிக்கும் வழிகள் பின்னால் வருகின்றன.

சுருதியும் தாளமும்

பதிவுக்கு முன் எல்லோரிடமும் ஒரே தம்புராக் கோப்பு இருக்க வேண்டும். ‘ஐந்தரைக் கட்டை’ என்று சுருதியின் உயரத்தை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு அவரவர் சுருதிப்பெட்டியை வைத்துக்கொள்வது பெரும் தவறு. பழைய பெட்டிகளில் திருகு அரைச் சுற்று நகர்ந்திருந்தாலும் தனியாகக் கேட்கும்போது தெரியாது. மூன்று ட்ராக்குகளையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் கசப்புத் தெரியும். ஒருவர் தம்புரா ஒலியை 15 நிமிடத்துக்குப் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பிவிடட்டும். அதை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுக்கொண்டு வாசிக்க வேண்டும். மைக்கில் தம்புரா விழுந்தால் பிறகு பிரித்தெடுக்க முடியாது. மிருதங்கக்காரர் பாடகரின் கட்டையைக் கேட்ட பிறகே உயர்ந்த சுருதிக்கான ஹெச்சு மிருதங்கமா, தாழ்ந்த சுருதிக்கான தக்கு மிருதங்கமா என்று முடிவு செய்வார். எனவே அதை ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், வார் பிடிக்கவோ வேறு வாத்தியம் ஏற்பாடு செய்யவோ அவகாசம் இருக்கும். குழலில் இன்னொரு சிக்கல்: குளிர்நாட்டு அறையில் அதே குழல் சற்று இறங்கி ஒலிக்கும். அறை சூடேறிய பிறகு, குழலை ஐந்து நிமிடம் ஊதிப் பழக்கிவிட்டுத்தான் பதிய வேண்டும்.

ஒத்திகைக்காக வீடியோ அழைப்பைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதன்முதலில் ஒரு பாடகரோடு அழைப்பில் அமர்ந்தபோது, அவர் தம்புராவைத் தொடங்கிய மூன்றாம் விநாடியில் அது எனக்குத் தேய்ந்து மறைந்துவிட்டது. ‘சுருதி கேட்கிறதா?’ என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் குரல் மட்டும் கேட்டது. இடைவிடாமல் ஒரே மாதிரி ஒலிக்கும் எதையும் மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி வடிகட்டிவிடுவது அந்தச் செயலிகளின் இயல்பு என்பது அன்றைக்குத் தெரியாது. ஜூம் செயலியில் இசைக்கலைஞர்களுக்கென ஒலியை மாற்றாமல் அனுப்பும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கி, எதிரொலி நீக்கத்தையும் இரைச்சல் நீக்கத்தையும் அணைத்துவிட்டு, இருபுறமும் ஹெட்ஃபோன் அணிந்துகொண்டால் தம்புரா நிற்கும்.

அடுத்தது தாளக் கோப்பு. மெட்ரோனோமை 75-இல் வைத்துவிட்டுப் பாடச் சொல்வது எளிய வழி. ஆதி தாளம் ஒரு களையில் ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டுத் தட்டு கொண்ட ஒரு முழுச் சுற்று, 6.4 விநாடிக்கு வரும், கணக்குச் சுத்தமாக இருக்கும். மாணவர்களுக்கு இதையே சொல்வேன். ஆனால் தேர்ந்த பாடகர் எவரும் பல்லவியில் எடுத்த காலத்தைச் சரணத்தில் இம்மி பிசகாமல் வைத்திருப்பதில்லை. பாட்டு சூடேறும்போது காலமும் நூலளவு ஏறும், அது ஓடுவதாகாது. மெட்ரோனோம் அந்த மூச்சை நிறுத்திவிடுகிறது. ஆகவே நான் வேறொரு வழியைப் பின்பற்றுகிறேன். பாடகர் தம் வீட்டில், தம் போக்கில், கையில் தாளம் போட்டுக்கொண்டு பாட்டை ஒருமுறை முழுவதும் பாடி, கைபேசியிலேயே பதிந்து அனுப்புவார். அதைக் கேட்டுக்கொண்டே, மரப்பலகையில் கைத்தட்டலாகத் தாளம் மட்டும் போட்டு முழுநீளத்துக்கும் ஒரு கோப்பைத் தயாரிப்போம். பாடகர் அந்தத் தட்டை ஹெட்ஃபோனில் கேட்டபடி மறுபடியும் நன்றாகப் பாடிப் பதிவார். இப்போது காலம் அவருடையதாகவே இருக்கிறது. அதே சமயம் மற்றவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் கிடைத்துவிடுகிறது.

தாளக் கோப்பின் தொடக்கத்தில் இரண்டு ஆவர்த்தனம் வெறும் தட்டு இருக்கட்டும். அதற்கும் முன்னால், சினிமாப் படப்பிடிப்பில் கிளாப் அடிப்பதுபோல, ஒரே ஓர் உரத்த தட்டு. கோப்புகளைச் சேர்க்கும்போது எங்கே பொருத்துவது என்பதில் ஐயம் வந்தால் அந்த ஒற்றைத் தட்டு கைகொடுக்கும். பாட்டின் எடுப்பு, அதாவது வரி தொடங்கும் இடம், சமத்திலா (தாளச் சுற்றின் முதல் தட்டிலா), அரை இடம் தள்ளியா, முக்கால் இடமா என்பதை எழுதியே அனுப்பிவிடுங்கள். எதிரில் இருந்தால் கையைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். கோப்பில் கை தெரியாது.

பதியும் கருவி

இந்தப் பகுதியில்தான் பெரும்பாலான முயற்சிகள் கெடுகின்றன; ஆனால் செலவால் கெடுவது குறைவு. வந்த கோப்பைக் கைபேசியில் கேட்டுக்கொண்டு தம் வாசிப்பை மடிக்கணினியில் பதிகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு கருவிக்குள்ளும் தனிக் கடிகாரம் ஓடுகிறது. இரண்டுக்கும் லட்சத்தில் 5 பங்கு வேறுபாடு இருந்தாலே 10 நிமிடப் பாட்டின் முடிவில் 30 மில்லிவிநாடி விலகிவிடும். பல்லவி சேர்ந்திருக்கும், சரணம் வரும்போது மிருதங்கம் இழுப்பதுபோல் தோன்றும், வாசித்தவர் மேல் பழி விழும். கேட்கும் கருவியும் பதியும் கருவியும் ஒன்றாகவே இருந்தால் இந்த நகர்வு நேராது. அடாசிட்டி, ரீப்பர், ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் ஆகிய எதிலும் வந்த கோப்பை ஒரு ட்ராக்கில் வைத்து, அடுத்த ட்ராக்கில் நேராகப் பதியலாம்.

புளூடூத் ஹெட்ஃபோனை மறந்துவிடுங்கள். காதில் ஒலி வந்து சேரவே 100 முதல் 200 மில்லிவிநாடி ஆகும். அதைக் கேட்டு நீங்கள் வாசிப்பதெல்லாம் அந்த அளவுக்குத் தள்ளியே பதியும். கம்பி உள்ள ஹெட்ஃபோனிலும் சிறு தாமதம் இருக்கக்கூடும். அதை ஒருமுறை அளந்துவிடலாம்: தாளக் கோப்பை ஓடவிட்டு, ஹெட்ஃபோனின் ஒரு காதை மைக்கோடு ஒட்டிப் பிடித்துப் பதியுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் மூலத் தட்டுக்கும் பதிந்த தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி தெரியும். அது 12 மில்லிவிநாடி என்றால், இனி நீங்கள் பதிவதை எல்லாம் 12 மில்லிவிநாடி முன்னால் நகர்த்தினால் போதும். ஐந்து நிமிட வேலை; இதைச் செய்யாமல் ‘ஏதோ ஒட்டவில்லையே’ என்று மாதக்கணக்கில் தவித்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

அறையைப் பற்றி: நம் ஊர்ச் சிமெண்ட் அறைகள் எதிரொலிக்கும். துணி நிறைந்த திறந்த பீரோவுக்கு எதிரே உட்கார்ந்து, கீழே ஜமக்காளமும் பின்னால் ஒரு மெத்தையும் வைத்தாலே வேறுபாடு தெரியும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். சித்திரை மாதத்தில் இது தவம்தான், வேறு வழியில்லை. நான் இரவு பத்து மணிக்கு மேல் பதிகிறேன். பகலில் குக்கர் விசில் சத்தமும் காக்கைகளும் கச்சேரியில் சேர்ந்துகொள்கின்றன. மிருதங்கத்துக்கு இரண்டு மைக் இருந்தால் வலந்தலைக்கும் (வலப்பக்கத் தோல்) தொப்பிக்கும் (இடப்பக்கத் தோல்) ஒவ்வொன்று, தோலிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி. ஒரே மைக் என்றால் முன்னால் ஒரு முழம் தள்ளி, சற்று வலந்தலைப் பக்கமாகச் சாய்த்து வையுங்கள். தொப்பியில் ரவையை வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாக இடுவது நல்லது; சிறிய அறையில் கும்கி என்னும் தொப்பியின் ஆழ்ந்த ஓசை அளவுக்கு மீறிப் பெருத்துப் பதியும். ஒலியளவு மீட்டரில் உச்சம் -12 டெசிபெலை ஒட்டி இருக்கட்டும், தீர்மானத்தில் (பகுதியை முடிக்கும் வாசிப்பில்) கை வேகம் எடுக்கும்போது ஏறுவதற்கு இடம் வேண்டும்.

யார் முதலில், யார் பிறகு

மேற்கத்திய பாணிக் குழுக்களில் முதலில் டிரம்ஸைப் பதிந்துவிடுவார்கள். நமக்கு அது உதவாது. மிருதங்கம் பாட்டின் போக்கைக் கேட்டு வாசிப்பது. பாட்டுக்கு முன்னால் பதிந்த மிருதங்கம் எங்கும் ஒட்டாது. ஆகவே பாட்டு, வயலின், மிருதங்கம், பிறகு கடமோ கஞ்சிராவோ என்ற வரிசையே சரி. ஆனால் இதில் ஓர் இழப்பு உண்டு: மிருதங்கக்காரர் அனுபல்லவியில் ஒரு நயமான ஃபரன் (வேகமான சொற்கட்டு) வாசித்தால் பாடகருக்கு அதைக் கேட்டு உற்சாகம் வர வழியில்லை, ஏனெனில் அவர் பாடி முடித்துப் பத்து நாள் ஆகிவிட்டது. இதற்காக நாங்கள் இரண்டு சுற்று வைத்துக்கொள்கிறோம். முதல் சுற்றில் எல்லோரும் சுமாராகப் பதிந்து சேர்த்துவிடுவோம். இரண்டாம் சுற்றில் பாடகர் அந்த வயலினையும் மிருதங்கத்தையும் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு புதிதாகப் பாடுவார். அதற்கு மற்றவர்கள் மீண்டும் வாசிப்பார்கள். கேட்கிறவருக்கு நாங்கள் ஒரே மேடையில் இருப்பதாகத் தோன்றுவது இந்த இரண்டாம் சுற்றால்தான். மூன்றாம் சுற்றுக்குப் போகாதீர்கள். எல்லாம் மனப்பாடமாகி உலர்ந்துவிடும்.

வயலின் வாசிப்பவருக்கு ஒரு தனி வேண்டுகோள் வைப்பேன். பாடகரின் கோப்பைப் பலமுறை கேட்டுத் தேர்ந்துவிட்டு வாசித்தால், குரலும் வில்லும் ஒரே கணத்தில் விழுந்து, இரட்டைக் குரல்போல் ஆகிவிடுகிறது. மேடையில் வயலின் பாட்டின் நிழலாக, கண்ணிமை நேரம் பின்னால்தான் வரும். ஒருமுறை வயலின் நண்பரிடம், கோப்பை முன்கூட்டிக் கேட்காமல், ஓடவிட்டு முதல் முறை கேட்கும்போதே வாசித்து அனுப்பச் சொன்னேன். இரண்டு இடத்தில் தடுக்கியிருந்தார். அந்த இடங்களை மட்டும் மறுபடி பதிந்தோம். மீதி முழுவதும் கச்சேரியாகவே இருந்தது.

ஆலாபனையில் தாளம் இல்லாததால் வேலை எளிது. பாடகர் தம் பகுதியை அனுப்ப, வயலின் தம் பகுதியை வாசித்து இணைத்துவிடலாம். இடையிடையே தொடர்ந்து வாசிக்க வேண்டிய இடங்களில் பாடகர் இரண்டு மூச்சு இடம் விட்டால் போதும். கல்பனாஸ்வரத்தில்தான் திட்டம் தேவை. பாடகர் ஒரு ஆவர்த்தனம் பாடினால், தாளக் கோப்பைக் கேட்டுக்கொண்டே அடுத்த ஆவர்த்தனம் வயலின் பதில் வாசிப்பதற்காக மௌனமாக இருந்து, அதன் பிறகு எடுப்பில் சேர வேண்டும். இரண்டு பாடினால் இரண்டு, நான்கு பாடினால் நான்கு. எத்தனை சுற்று, எத்தனை ஆவர்த்தனம் என்பதை ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

தீர்மானங்களையும் கோர்வைகளையும் எண்ணிக்கையோடு எழுதுவது அவசியம். ஓர் எடுத்துக்காட்டு: ஆதி தாளம் ஒரு களை, சதுஸ்ர நடையில், அதாவது ஓர் அட்சரத்துக்கு (தட்டுக்கு) நான்கு மாத்திரையாக, ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. ‘ததிங்கிணதொம்’ என்ற ஐந்தை மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரைக் கார்வையோடு (இடைவெளியோடு) வாசித்தால் 5+2+5+2+5 ஆக 19 மாத்திரை. அது முடிந்து அடுத்தது சமம் என்றால், 13 மாத்திரை கழித்து, அதாவது மூன்று அட்சரமும் ஒரு மாத்திரையும் கடந்து தொடங்க வேண்டும். எடுப்பு அரை இடம் தள்ளி என்றால் இரண்டு மாத்திரை சேர்த்து 15 கழித்துத் தொடங்க வேண்டும். பாடகருக்கு இந்த ஒரு வரி போய்ச் சேர்ந்தால் அவர் நிரவலை (ஒரே வரியை விரித்துப் பாடுவதை) எங்கே முடித்து வழிவிடுவது என்று தெரிந்துகொள்வார். மேடையில் புருவ அசைவில் முடிகிற செய்தி இது. இங்கே எழுத்தில் போக வேண்டியிருக்கிறது.

கோப்புகளை அனுப்புவதும் சேர்ப்பதும்

எல்லோரும் வேவ் வடிவத்தில், 48,000 ஹெர்ட்ஸில், 24 பிட்டில் பதிய வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒற்றை மைக் ட்ராக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட் வரும். 10 நிமிடக் கிருதி 86 மெகாபைட். எம்பி3 ஆக்கி அனுப்பினால் சிறியதாகும் என்ற ஆசை வரும். ஆனால் எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்துவிடுகிறது. பல மென்பொருள்களில் அது 25 மில்லிவிநாடி அளவுக்கு இருக்கும். நாம் இவ்வளவு பாடுபட்டுத் தவிர்த்த தாமதம் பின்வாசல் வழியாக நுழைந்துவிடும். வாட்ஸாப்பில் குரல்பதிவாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு மாறாமல் போகும்.

ஒருமுறை ஒரு நண்பர் 44,100 ஹெர்ட்ஸில் பதிந்த கோப்பை, தானாக மாற்றிக்கொள்ளாத மென்பொருளில் நான் 48,000 என்று எண்ணித் திறந்துவிட்டேன். ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே எங்கோ நின்று பாடினார். 10 நிமிடப் பாட்டு 9 நிமிடம் 11 விநாடியில் முடிந்தது. அவருடைய தம்புராதான் கெட்டுவிட்டது என்று நான் அரை மணி நேரம் வாதாடிய பிறகுதான் உண்மை தெரிந்தது. அன்றிலிருந்து கோப்பின் பெயரிலேயே ராகம், தாளம், கட்டை, ஹெர்ட்ஸ், எத்தனையாவது பதிவு என்பதெல்லாம் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ‘புதியது’, ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்று பெயரிடுகிறவர்களைக் கெஞ்சியாவது திருத்துங்கள். இன்னொன்று: முன்னால் உள்ள மௌனத்தை வெட்டாதீர்கள். மிருதங்கம் இரண்டாவது நிமிடத்தில்தான் சேர்கிறது என்றாலும் கோப்பு பூச்சியத்திலிருந்தே தொடங்கினால், சேர்க்கிறவர் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வைத்துவிடலாம்.

சேர்க்கும் வேலை ஒருவரிடமே இருக்க வேண்டும். அவர் தாளக் கோப்பை ஒலிக்காமல் அணைத்துவிட்டு, மூன்று ட்ராக்குகளுக்கும் ஒரே அளவு, ஒரே வகை ரிவெர்ப் கொடுக்க வேண்டும். மூன்று வீட்டு அறைகள் ஒரு கூடமாவது இதனால்தான். மேடையில் வலந்தலை அவையை நோக்கி இருக்க வேண்டும் என்பதால், வலக்கையால் வலந்தலையை வாசிக்கும் மிருதங்கக்காரர் கேட்பவர்களுக்கு இடப்பக்கம் அமர்வார், வயலின் வலப்பக்கம். ஒலியையும் அப்படியே சற்று இடமும் வலமுமாக ஒதுக்கிப் பாட்டை நடுவில் வைத்தால் காது அதை ஏற்றுக்கொள்ளும்.

வெளியிடும் முன் பாட்டின் உரிமையைப் பாருங்கள். 1847-இல் மறைந்த தியாகராஜரின் கிருதிகளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்தியச் சட்டப்படி படைத்தவர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். பாபநாசம் சிவன் மறைந்தது 1973 என்பதால் அவர் பாடல்களுக்கு அது 2033 இறுதி வரை செல்லும். யார் பெயர் எப்படி வரும், வருமானம் வந்தால் எப்படிப் பங்கு என்பதையும் முதல் கோப்பு போகும் முன்பே பேசிவிடுவது நல்லது. நண்பர்களுக்குள் இதைப் பேசக் கூச்சம் இருக்கும், பேசாமல் விட்டால் பின்னர் வருத்தம் வரும்.

நேரலையில்

நெடுந்தொலைவிலும் நேரலை வேண்டும் என்றால் ஒலியை ஒரே திசையில் ஓடவிட வேண்டும். டொராண்டோவில் பாடகர் பாடுகிறார். அவர் யாருடைய ஒலியையும் கேட்பதில்லை, தம் தாளம் மட்டுமே. அவர் குரல் லண்டனில் உள்ள வயலினுக்குப் போகிறது. அங்கே வயலின் சேர்ந்து, இரண்டும் கலந்து சென்னைக்கு வருகின்றன. இங்கே மிருதங்கம் சேர்கிறது. சென்னையில் எல்லாம் ஒன்றாகவே ஒலிக்கும், பதிவும் ஒளிபரப்பும் இங்கிருந்துதான். தாமதம் கால் விநாடியோ அரை விநாடியோ, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இதில் பாடகர்தான் தியாகி: வெற்று அறையில் தனியாகப் பாடிவிட்டு, எப்படி இருந்தது என்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பழகாதவர்கள் முதல் தடவை இதைச் சகித்துக்கொள்வது கடினம். இந்த முறையில் தனியாவர்த்தனம் (தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) வந்தால், மிருதங்கக்காரர் தனி முடிந்து எடுப்பைத் தொட்டதும் பாடகர் எடுத்துக்கொள்ள முடியாது. தனியைத் தனி நிகழ்ச்சியாக வைத்துவிடுவதே மேல்.

சென்னை, கோவை, பெங்களூரு என்று சில நூறு கிலோமீட்டருக்குள் இருந்தால் நிலைமை வேறு. இருபுறமும் கேட்டுக்கொண்டே உண்மையாகச் சேர்ந்து வாசிக்கலாம். இதற்கென்றே எழுதப்பட்ட இலவச மென்பொருள்கள் இருக்கின்றன: ஜாமுலஸ், சோனோபஸ், ஸ்டான்ஃபோர்டில் உருவான ஜாக்ட்ரிப். வைஃபை வேண்டாம், மோடத்திலிருந்து கணினிக்கு நேராகக் கேபிள் இழுங்கள். விண்டோஸ் கணினியில் ஏசியோ இயக்கி (ஒலியைக் குறைந்த தாமதத்தில் கையாளும் மென்பொருள்) வேண்டும். மென்பொருளின் பஃபர் (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 128 சாம்பிள் என்று வைத்தால் 48,000 ஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிவிநாடி, 256 என்றால் 5.3. வெட்டு வெட்டாக ஒலித்தால் மட்டும் பஃபரை உயர்த்துங்கள். ஜாமுலஸ் திரையில் மொத்தத் தாமதம் எண்ணாகவே தெரியும்; 30-க்குள் இருந்தால் மத்திம காலக் கிருதி தாராளமாக நிற்கும், 50-ஐத் தாண்டினால் ஆலாபனை, விருத்தம் என்று தாளமில்லாதவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜாமுலஸில் ஒரு பழக்கம் தேவை: உங்கள் ஒலியையும் நேராகக் கேட்காமல், சர்வரிலிருந்து திரும்பி வருவதையே கேட்டு வாசிக்க வேண்டும். மிருதங்கத்தில் இது கடினம், தோலின் ஓசை அறையிலேயே காதில் விழுகிறது. காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன் ஓரளவு உதவும்.

நிஞ்ஜாம் என்றொரு மென்பொருள் இதற்கு நேர்மாறான உத்தியைக் கையாள்கிறது. தாமதத்தைக் குறைக்காமல், அதை ஒரு முழுச் சுற்று அளவுக்கு நீட்டிவிடுகிறது. மற்றவர்கள் சென்ற சுற்றில் வாசித்ததை இந்தச் சுற்றில் கேட்டுக்கொண்டு நாம் வாசிக்கிறோம். சுற்றுக்கு 8 தட்டு என்று வைத்தால் அது ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம். கிருதிக்கு ஆகாது, சாகித்தியம் ஒரு ஆவர்த்தனம் தள்ளி விழும். ஆனால் ஒரே வரிக்கு ஆளுக்கு ஆள் நடை மாற்றிப் பழகுவதற்கும், கஞ்சிராவும் மிருதங்கமும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்ப்பதற்கும் நன்றாக இருக்கிறது. எங்கள் சிறுவர்கள் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

நேரம் குறிக்கும்போது எச்சரிக்கை தேவை. சென்னைக்கும் டொராண்டோவுக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி, கோடையில் ஒன்பதரை மணி வேறுபாடு; லண்டனுக்கு ஐந்தரையும் நாலரையும். டொராண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறன்றும் கடிகாரம் மாறுவதால், இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் முன்னதாகவோ பின்னதாகவோ வந்து உட்கார்ந்திருப்பார். எங்கள் குழுவில் எல்லா அழைப்பையும் இந்திய நேரத்தில் மட்டும் எழுதுவது என்று முடிவு செய்த பிறகுதான், வலந்தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு விடியற்காலையில் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை எனக்கு வராமல் இருக்கிறது.